பிரிபடாத பாகமும் சமுதாய கிராமமும்

பூம்புகாரில் இருக்கும் பெரியப்பா, ஆறு மா நிலத்தை விற்று சென்னையில் ஒரு ஃப்ளாட் வாங்கலாம் என்றிருக்கிறார். பில்டர் கொடுத்த பத்திர நகலைப் படித்துவிட்டு போன் செய்தார். "ஏன்டா தம்பி, 600 சதுர அடி நிலம் எனக்குன்னு போட்டுருக்கு. நாலெல்லை மொத்த மனைக்குல்ல எழுதியிருக்கு? என்னோடது எந்த மூலைல இருக்கு?"

"எந்த மூலையிலும் இல்ல பெரியப்பா, எல்லா இடத்துலயும் இருக்கு" என்றேன். சாமியைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வைத்துவிட்டார்.

யூடிஎஸ் எனப்படும் பிரிபடாத பாகம் இதுதான். இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவில் எட்டு ஃப்ளாட் என்றால் ஆளுக்கு 600. பாகம் உண்டு, வேலி போட முடியாது. கட்டடம் வருஷா வருஷம் பழசாகி மதிப்பு இறங்கும். முப்பது வருஷம் கழித்து கையில் மிஞ்சுவது இந்த 600தான்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது புதுசே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் எடுத்த கணக்கில் தஞ்சைச் சீமையின் 5,783 கிராமங்களில் 1,807 ஏகபோகம், அதாவது ஒரே மிராசுதாருடையவை. 2,202 கிராமங்கள் பலரிடையே பிரிக்கப்பட்டவை. மீதி 1,774 சமுதாயம். சமுதாய கிராமத்தில் ஒருவருக்கு இருந்தது 'பங்கு'தான், குறிப்பிட்ட வயல் அல்ல. சில ஊர்களில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வயல்களை மாற்றிப் பிரித்துக்கொண்டார்கள். அதற்குக் கரையீடு என்று பெயர். (சேற்றில் இறங்கி நட்டவர்களுக்கு இந்தப் பங்கில் இடமில்லை, அதையும் சொல்லாமல் பழம்பெருமை பேசக் கூடாது.)

பங்கு என்றால் செலவும் உண்டு. வாய்க்கால் தூர்வாருவது குடிமராமத்து. அதற்கு வராதவர்களை வரவழைக்க 1858இல் சட்டமே போட வேண்டியிருந்தது. இன்றைக்கு அதன் பெயர் மெயின்டெனன்ஸ். லிஃப்ட், மோட்டார், செக்யூரிட்டி, பொது மின்சாரம். மாதத் தொகை 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் வருட வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. பெயின்ட், லிஃப்ட் மாற்றுவது போன்ற பெரிய செலவுக்குச் சேர்த்து வைப்பது கார்பஸ் நிதி. வாங்கும்போதே அது சங்கத்தின் கணக்குக்கு வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும்.

2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்ககச் சட்டம் (2022இல் இயற்றியது), 1994ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்கிறது. முன்பெல்லாம் ஒரே ஒருவர் முறுக்கிக்கொண்டால் போதும், எல்லாம் நின்றுவிடும். இடிக்கும் நாளில் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு வந்தால் யூடிஎஸ்தான் முன்னால் வரும்.

இதில் நான் ஒருமுறை சூடுபட்டவன். எங்கள் பிளாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பத்திரங்களையும் எக்செல்லில் ஏற்றிக் கூட்டினேன். மொத்த மனையில் 310 சதுர அடி குறைந்தது. பில்டர் சத்தமில்லாமல் தன் பேரிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதைத் திரும்ப எழுதி வாங்க இரண்டு வருஷம் ஆயிற்று.

அதனால் பெரியப்பாவுக்கு மறுநாள் நானே போன் செய்தேன். வில்லங்கச் சான்று போடுங்க, மத்த ஏழு வீட்டுப் பத்திரத்துல இருக்குற பாகத்தையும் கூட்டிப் பாருங்க, 4,800 வரணும் என்றேன்.

"கரைக்கணக்கு பாக்கச் சொல்ற" என்றார். "அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே."