யமன் வெள்ளி அணிகள்: எடையும் வேலைப்பாடும்

அரபுத் தீபகற்பத்தின் தென்பகுதியில் பல நூற்றாண்டுகளாகப் பெண்களின் அணியாக விளங்கியது வெள்ளியே. கழுத்தை நிறைக்கும் மாலைகள், கனத்த கைவளைகள், காற்சிலம்புகள், திருவசனங்கள் எழுதிய தாளை உள்ளே வைக்கும் ‘ஹிர்ஸ்’ என்னும் கூடுகள் முதலியவை யமனிலும் ஓமானிலும் மணமகளின் உடைமையாக இருந்தன. 1970களில் எண்ணெய் வளம் பெருகியபின் தங்கம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அன்று கைவிடப்பட்ட பழைய அணிகளை இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர். விற்போரில் பலர் அவற்றை ‘ஸ்டெர்லிங் வெள்ளி’ எனக் கூறுவதும் வழக்கமாகிவிட்டது. அது எந்த அளவுக்குச் சரி என்பதையும், அதையொட்டி எழும் மார்க்கச் சட்டக் கேள்விகளையும் இங்கு ஆராய்வோம்.

கலப்பற்ற வெள்ளி மிகவும் மென்மையானது. அணியாகச் செய்தால் எளிதில் வளைந்து தேயும். ஆகவே அதனுடன் பிற உலோகம், பெரும்பாலும் செம்பு, சேர்ப்பர். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி இருப்பதே ஸ்டெர்லிங். இது இங்கிலாந்தில் நிலைபெற்ற தர அளவு. யமன் நாட்டுக் கொல்லருக்கு இந்த அளவோடு தொடர்பில்லை. அவருக்குக் கிடைத்த மூலப்பொருள் பெரும்பாலும் வெள்ளி நாணயமே.

அந்நாணயம் ஆஸ்திரியாவின் அரசி மரியா தெரசாவின் உருவம் பொறித்த ‘தாலர்’. அரசி மறைந்த 1780ஆம் ஆண்டே, பிற்காலத்தில் அச்சிடப்பட்ட நாணயங்களிலும் மாறாமல் பொறிக்கப்பட்டு வந்தது. காப்பி வணிகத்தின் வழியாக யமனுக்குள் வந்து குவிந்த இதனை மக்கள் ‘ரியால் ஃபரன்ஸி’ என்று அழைத்தனர். இதன் எடை ஏறத்தாழ 28.07 கிராம், தூய்மை ஆயிரத்தில் 833. 1940-41இல் பம்பாய் நாணயச்சாலையிலும் இது அச்சிடப்பட்டது. இந்நாணயத்தை அப்படியே உருக்கிச் செய்த அணி ஸ்டெர்லிங் தரத்தைவிடக் குறைந்ததாகவே இருக்கும். கொல்லர் அதைப் புடமிட்டுத் தூய்மையாக்கியிருந்தால் உயர்ந்திருக்கும். செம்பு கூட்டியிருந்தால் இன்னும் தாழ்ந்திருக்கும். எனவே ஒவ்வோர் அணியையும் தனித்தனியே உரைத்துப் பார்த்தாலன்றித் தரத்தைக் கூற இயலாது.

செய்முறையும் அறியத்தக்கது. உருக்கிய வெள்ளியைக் கோலாக வார்த்து, எஃகுத் தகட்டிலுள்ள துளைகள் வழியே படிப்படியாக இழுத்து நூல் போன்ற கம்பியாக்குவர். அக்கம்பியைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கரித்தூளில் இட்டுச் சூடாக்கினால், உருகும் வெள்ளி தானே உருண்டு மணியாகும். கம்பியையும் மணிகளையும் தகட்டின்மீது அடுக்கி, வெங்காரமும் பற்றாசும் இட்டு ஊதி ஒட்டுவர். சூடு சற்று மிகுந்தாலும் வேலை முழுவதும் உருகிப்போகும்.

யமனில் இக்கலையில் தலைசிறந்து விளங்கியோர் யூதக் கொல்லர்கள். ஸன்ஆ நகரத்து பதீஹி, பவ்ஸானி போன்ற குடும்பப் பெயர்களே வேலைப்பாட்டின் பாணிகளுக்கும் பெயராயின. அவர்கள் செய்த அணிகளை அணிந்தோரில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்களே. 1949-50இல் ஏறத்தாழ 49,000 யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் கைவினைஞராக இருந்தோர் தம் தொழிலை உள்ளூர் முஸ்லிம்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டே செல்ல வேண்டும் என்று அன்றைய ஆட்சியாளர் இமாம் அஹ்மத் நிபந்தனை விதித்ததாகக் கூறப்படுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கைவழி வந்த நுட்பத்தைச் சில மாதங்களில் முழுமையாகக் கைமாற்றுவது எளிதன்று.

இனி ஃபிக்ஹுக்கு வருவோம். வெள்ளிக்கு வெள்ளியை மாற்றும்போது எடை சமமாக இருக்க வேண்டும், உடனுக்குடன் கைமாற வேண்டும் என்பது ஹதீஸ்களால் நிலைபெற்ற சட்டம். செய்கூலியை எடையில் ஏற்றி வாங்கலாகாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்றோர் வேலைப்பாட்டுக்குத் தனி மதிப்பு உண்டெனக் கூறி இதில் மாறுபட்டனர். வாடிக்கையாளர் தம் நாணயங்களைக் கொல்லரிடம் கொடுத்து, அதே வெள்ளியில் அணி செய்வித்து, கூலியைத் தனியே தந்தால் அது உழைப்புக்கான ஊதியமாகிவிடும். அங்கே இச்சிக்கல் எழுவதில்லை. இன்று நாம் ரூபாய் கொடுத்து வாங்குகையில் பொருளின் இனம் வேறுபடுவதால் எடைச் சமத்துவம் தேவையில்லை. உடனுக்குடன் கைமாறினால் போதும். ஆகவே வேலைப்பாட்டுக்கு உரிய விலை தருவதற்கு ஷரீஅத்தில் தடையில்லை.

ஜகாத்திலோ தூய்மையின் அளவு நேரடியாகக் குறுக்கிடுகிறது. வெள்ளியின் நிஸாபு 200 திர்ஹம். இதனை 595 கிராம் என்று கணக்கிடுவோர் உண்டு. நம் நாட்டு ஹனஃபிகளிடையே 612 கிராம் என்பது வழக்கம். பயன்பாட்டிலுள்ள அனுமதிக்கப்பட்ட அணிக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஜகாத் இல்லை. ஹனஃபி மத்ஹபில் உண்டு. சேமிப்பாக வைத்திருந்தாலோ இரு மத்ஹபிலும் கணக்கிட வேண்டும். 25 தாலர்களை உருக்கிச் செய்த அணிகள் ஒருவரிடம் சேமிப்பாக இருப்பதாகக் கொள்வோம். மொத்த எடை ஏறத்தாழ 702 கிராம். அதிலுள்ள தூய வெள்ளி 585 கிராம். கலப்பு நீங்கிய வெள்ளியையே கணக்கில் கொள்ளும் ஷாஃபிஈ சட்டப்படி, வேறு வெள்ளி இல்லாதவருக்கு இது நிஸாபை எட்டவில்லை. அதே எடை ஸ்டெர்லிங்காக இருந்தால் தூய வெள்ளி 649 கிராம், ஜகாத் கடமையாகிவிடும். ஹனஃபி சட்டத்தில் வெள்ளி மிகுந்திருந்தால் முழுவதும் வெள்ளியாகவே கருதப்படும்; ஆகவே இரு நிலையிலும் கடமையே. விற்பவர் வாய்மொழியாகக் கூறும் ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல்லை நம்பிக் கணக்கிடுவது முறையாகாது என்பதை இது காட்டுகிறது.

இக்கலைக்குப் பெரும் இழப்பை விளைவித்தது உலைக்களமே. மணமகளுக்குப் புத்தணியே வேண்டும் என்ற வழக்கத்தால், ஒரு பெண் மறைந்ததும் அவளுடைய அணிகள் உருக்கப்படுவது முன்பும் உண்டு. ஆயினும் அன்று அந்த வெள்ளி மீண்டும் கொல்லர் கையில் அணியாயிற்று. தங்கம் வந்தபின் உருக்கப்பட்டதோ வெறும் உலோகமாகவே விற்கப்பட்டது. எடைக்கு மட்டும் விலை பேசப்பட்டதால் வேலைப்பாடு கணக்கில் வரவே இல்லை. ஓமானில் கன்ஜர் என்னும் குத்துவாளின் கைத்தொழிலும் அதனையொட்டிய வழக்கங்களும் 2022இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது ஆறுதலான செய்தி.

வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பியோர் வாங்கிவந்த பழைய அணிகள் சில நம் வீடுகளிலும் இருக்கக்கூடும். அத்தகையவற்றை எடைக்குப் போடுமுன் அவற்றின் தூய்மையைச் சோதித்தறிய வேண்டும்; அடியிலோ பின்புறத்திலோ கொல்லரின் முத்திரை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். கறுத்திருப்பதைக் கண்டு தரம் குறைவென்று எண்ணலாகாது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் நல்ல வெள்ளியும் கறுக்கும். எடையை அறிந்து ஜகாத்தை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை. வேலைப்பாட்டை அறிந்து அணியை உலையிலிருந்து காப்பது, அதைச் செய்த கைகளுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.