மான் வேட்டைக்கு மசில்லோடர்: தோள் தாங்கும் மருந்து எவ்வளவு?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குத் தனித்தனிப் பருவங்கள் உண்டு. வில்லுக்கு ஒன்று, நவீன ரைஃபிளுக்கு ஒன்று, மசில்லோடருக்கு ஒன்று. மசில்லோடர் என்றால் வேறொன்றுமில்லை, குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கி. நம்மூர் நாட்டுத் துப்பாக்கியின் பங்காளி. அதனால்தான் இதற்கான சொற்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை: வெடித்தூளுக்கு மருந்து, சுத்தியலுக்குக் குதிரை, திணிப்பதற்குக் கெட்டித்தல்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. ஆகவே இந்தக் குறிப்பு முழுக்க அமெரிக்க நிலவரம் பற்றியது. அங்கே குடியேறி, முறையாக உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகும் நண்பர்கள் சிலர் "எந்தத் துப்பாக்கி வாங்கலாம், எவ்வளவு மருந்து போடலாம்?" என்று கேட்டார்கள். தேடிப் படித்ததையும், கணக்குப் போட்டுப் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் துப்பாக்கியில் கிடைப்பது ஒரே ஒரு வெடி. மறுபடி கெட்டிக்க, கை தேர்ந்தவருக்கே அரை நிமிடம் ஆகும். அதற்குள் மான் நிற்காது. குண்டு நெஞ்சுக்கூட்டில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பட்டால் மான் சீக்கிரம் விழும். குடலிலோ தொடையிலோ பட்டால் காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதனால் "எவ்வளவு பலமான வெடி?" என்பதைவிட "குறி தவறாமல் சுட முடிகிற வெடி எது?" என்பதுதான் சரியான கேள்வி.

சட்டம் முதலில், ஆசை பிறகு

துப்பாக்கி வகையைப் பாதி தீர்மானிப்பது மாநில விதிதான். பென்சில்வேனியாவில் 1974இல் தொடங்கிய, இப்போது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பிக்கும் பருவத்தில் சக்கிமுக்கிக் கல் வைத்த ஃபிளின்ட்லாக்குக்கு மட்டுமே அனுமதி. கொலராடோவின் மசில்லோடர் பருவத்தில் தொலைநோக்கி, பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு, வில்லையாக அழுத்திய மருந்து மூன்றுக்குமே தடை. வேறு பல மாநிலங்களில் இதெல்லாம் தாராளமாகச் செல்லும்.

தீ மூட்டும் முறையில் மூன்று வகை. ஃபிளின்ட்லாக்கில் கல் உரசித் தீப்பொறி விழும். மழையில் படுத்தும், பழக நாளாகும். பெர்கஷன் வகையில் சிறு செப்புத் தொப்பி மேல் குதிரை விழும், முந்தையதைவிட நம்பகமானது. மூன்றாவது இன்லைன். 1985இல் வந்த நைட் எம்.கே.85 பிரபலப்படுத்திய வகை. தீ மூட்டும் இடம் குழலுக்கு நேர் பின்னால் இருக்கும். பார்க்க நவீன ரைஃபிள் மாதிரியே இருக்கும்.

குழலுக்குள் இருக்கும் முறுக்கு

வாங்கும்போது பலர் கேட்க மறப்பது இதைத்தான். குழலுக்குள் உள்ள வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது? துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு மெதுவான முறுக்கு வேண்டும். 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. லைமன் கிரேட் பிளெய்ன்ஸ் ரைஃபிள் 60. நீளக் குண்டுக்கும் உறைக் குண்டுக்கும் வேகமான முறுக்கு. இன்லைன்களில் பெரும்பாலும் 28. தாம்ஸன் சென்டர் ஹாக்கன் போன்றவற்றில் 48. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். உருண்டையை மிதமான மருந்தில் சுட 48 நன்றாகவே ஒத்துழைக்கும்.

பெரிய மருந்தா, பெரிய குண்டா?

உருண்டைக் குண்டின் எடை விட்டத்தின் மும்மடிப்படி ஏறும். 45 காலிபரில் போடும் 0.440 அங்குல ஈய உருண்டை 128 கிரெயின், அதாவது 8.3 கிராம். 50 காலிபரின் 0.490 உருண்டை 177 கிரெயின், 11.5 கிராம். 54இன் 0.530 உருண்டை 224 கிரெயின், 14.5 கிராம். 45இலிருந்து 54க்குப் போனால் விட்டம் 20 சதவீதம்தான் கூடுகிறது. எடையோ 75 சதவீதம் கூடுகிறது.

மருந்தைக் கூட்டினால் என்ன ஆகும்? குழல் வாயில் வேகம் கூடும். ஆனால் உருண்டைக்குக் காற்றுத் தடை மிக அதிகம். அதுவும் ஒலியின் வேகத்துக்கு (வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்) மேலே போகும்போது தடை கடுமையாக ஏறும். 50 காலிபரில் 70 கிரெயின் மருந்துக்குக் குண்டு ஏறத்தாழ வினாடிக்கு 520 மீட்டரில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கஜம் போவதற்குள் சுமார் 300க்கு இறங்கிவிடும். 90 கிரெயின் போட்டு 560இல் கிளப்பினாலும் 100 கஜத்தில் 300க்குச் சற்று மேலேதான் நிற்கும். கூடுதலாகக் கொடுத்த வேகத்தின் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடுகிறது. மானுக்குப் போய்ச் சேருவது சொற்பம், ஆனால் தோளுக்கு வந்து சேருவது முழுசு!

தோளுக்கு வரும் கணக்கு

பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். முன்னால் போகும் உந்தமும் பின்னால் வரும் உந்தமும் சமம். 11.5 கிராம் குண்டு 520 மீட்டர் வேகத்தில் போனால் உந்தம் சுமார் 6. மருந்தும் புகையாக வெளியேறுகிறது இல்லையா, அதையும் சேர்க்க வேண்டும். 70 கிரெயின் என்பது 4.5 கிராம், புகையின் வேகத்தை 600 மீட்டர் என்று எடுத்தால் இன்னொரு 2.7. மொத்தம் 8.7. துப்பாக்கி 4 கிலோ என்றால் பின்னடி ஆற்றல் சுமார் 9.5 ஜூல்.

அதே துப்பாக்கியில் மருந்தை 90 ஆக்கினால் 12.4 ஜூல், 30 சதவீதம் அதிகம். மருந்தை 70லேயே வைத்து, 3 கிலோத் துப்பாக்கிக்கு மாறினாலும் கிட்டத்தட்ட அதே 12.6 ஜூல். ஆக, தூக்க லேசாக இருக்கிறதே என்று வாங்கினால் அதன் விலையைத் தோள் கொடுக்கும்.

இப்போது விளம்பரங்களில் வரும் "மேக்னம்" வெடியைப் பாருங்கள். 50 கிரெயின் வில்லை மூன்று, 250 கிரெயின் குண்டு, 3.2 கிலோ இன்லைன். குண்டின் வேகம் 580, வில்லைகளின் உண்மை எடை சுமார் 7 கிராம் என்று எடுத்துக் கணக்குப் போட்டால் 29 ஜூல் வருகிறது. முதல் கணக்கைப் போல மூன்று மடங்கு. இதை நாலு முறை சுட்டவர் ஐந்தாவது முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடி, தோளைச் சுருக்குவார். அந்தச் சுருக்கத்தில்தான் குறி நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு நகர்கிறது. ஃபிளின்ட்லாக்கில் இது இன்னும் மோசம். குதிரை விழுந்து குண்டு கிளம்புவதற்குள் ஒரு சிறு இடைவெளி உண்டு. அதுவரை கை ஆடாமல் இருக்க வேண்டும்.

எடை மட்டுமல்ல, கட்டையின் வடிவமும் முக்கியம். ஹாக்கன் பாணியில் பின்தட்டு பிறைபோல வளைந்திருக்கும். அதைத் தோள்குழியில் வைத்தால் இரண்டு முனையும் குத்தும்; சற்று வெளியே, மேற்கையில் வைத்துச் சுடுவதற்காகச் செய்தது அது. புதிதாகத் தொடங்குபவருக்குத் தட்டையான, அகலமான பின்தட்டு உள்ள கட்டையே சௌகரியம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

என் பரிந்துரை: 50 காலிபர், 4 கிலோவை ஒட்டிய எடை, பெர்கஷன் (பென்சில்வேனியா மாதிரி இடமென்றால் ஃபிளின்ட்லாக்), துணி சுற்றிய சுத்த ஈய உருண்டை. 54 எடுத்தால் குண்டு கனம், பின்னடியும் கூடும். 50 கிரெயின் மருந்தில் தொடங்கி, ஐந்தைந்தாகக் கூட்டிச் சுட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன உச்சத்தைத் தாண்டவே கூடாது. பெரும்பாலும் 60க்கும் 80க்கும் இடையில் ஓரிடத்தில் குண்டுகள் நெருக்கமாக விழும். அங்கேயே நின்றுவிடலாம்.

பிறகு 8 அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். மானின் நெஞ்சுக் குறி ஏறத்தாழ அந்த அளவுதான். காட்டில் சுடப்போகும் அதே நிலையில், ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழுகிற தூரமே உங்கள் தூரம். அது 60 கஜமென்றால் 60தான். நன்றாகச் சுடுபவரும் உருண்டைக் குண்டோடு 100 கஜத்தைத் தாண்டாமலிருப்பது நல்லது.

கடைசியாகச் சில கட்டாயங்கள். கருமருந்து அல்லது அதற்கென்றே விற்கும் மாற்று மருந்து மட்டும். நவீன புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் வெடிக்கும். குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டாமல், அளவையில் அளந்து ஊற்றுங்கள். உள்ளே கங்கு மிச்சமிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். குண்டு மருந்தின் மேல் முழுக்க உட்கார வேண்டும், நடுவில் இடைவெளி ஆகாது. கோலில் ஒரு கோடு போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கலாம், ஒன்றின்மேல் ஒன்றாக இருமுறை கெட்டித்துவிடும் ஆபத்தும் இல்லை. சுட்ட அன்றே சுடுநீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் போடுங்கள். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருவேற்றிவிடும்.

ஈயம் உருக்கி வீட்டிலேயே உருண்டை வார்ப்பது பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.