மின்னஞ்சல் செயலிக்கான எஸ்எஸ்எச் சுரங்கவழி: பழுதறிதல்

எஸ்எஸ்எச் சுரங்கவழி என்பது பயனரின் கணினியில் உள்ள ஒரு போர்ட்டுக்கு வரும் தரவை மறையாக்கம் செய்து, இடையிலுள்ள ஒரு வழங்கியின் மூலம் மற்றொரு போர்ட்டுக்குக் கொண்டுசேர்க்கும் முறையாகும். இது போர்ட் முன்னனுப்பல் எனவும் அழைக்கப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் உள் வலையமைப்பில் மட்டும் இயங்கும் அஞ்சல் வழங்கியைத் தண்டர்பேர்டு போன்ற செயலியால் வெளியிலிருந்து அணுக இம்முறை உதவுகிறது.

எஸ்எஸ்எச் நெறிமுறையை 1995-இல் பின்லாந்தின் எல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலோனென் உருவாக்கினார். அப்பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதே அதற்குக் காரணம்.

மூன்று பகுதிகள்

பயனரின் கணினியில் 1143 என்ற போர்ட் திறக்கப்பட்டு, அது அஞ்சல் வழங்கியின் 143-ஆம் போர்ட்டுடன் (ஐமேப்) இணைக்கப்படுவதாகக் கொள்வோம். இவ்வழியில் மூன்று பகுதிகள் உள்ளன.

1. மின்னஞ்சல் செயலியிலிருந்து அதே கணினியின் 1143 வரை.
2. அக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழங்கி வரை. வழக்கமாக இது 22-ஆம் போர்ட்டைப் பயன்படுத்தும்.
3. எஸ்எஸ்எச் வழங்கியிலிருந்து அஞ்சல் வழங்கி வரை.

எஸ்எஸ்எச் மறையாக்கம் செய்வது இரண்டாம் பகுதியை மட்டுமே. பழுது எந்தப் பகுதியில் உள்ளது என்று அறிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பழுதுகளும் காரணங்களும்

இணைப்பு மறுக்கப்பட்டதாகச் செயலி உடனே தெரிவித்தால், முதற்பகுதியைப் பார்க்க வேண்டும். சுரங்கவழி இயங்காமல் இருக்கலாம். அல்லது சுரங்கவழி தொடங்கியபோது 1143-ஐ வேறொரு நிரல் பிடித்திருந்திருக்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் போர்ட் திறக்கப்படாவிட்டாலும் உள்நுழைவு வெற்றிபெறும். எச்சரிக்கை மட்டும் தோன்றும். ஆகவே, உள்நுழைந்ததை மட்டும் வைத்துச் சுரங்கவழி இயங்குகிறது என முடிவு செய்யக் கூடாது. யூனிக்ஸ் வகை இயக்குதளங்களில் 1024-க்குக் குறைந்த போர்ட்டைத் திறக்கப் பொதுவாக நிர்வாகி உரிமை தேவை. 143-க்குப் பதிலாக 1143-ஐத் தேர்வதன் காரணம் இதுவே.

செயலி இணைந்தவுடன் துண்டிக்கப்பட்டு, எஸ்எஸ்எச் சாளரத்தில் பிழைச்செய்தி தோன்றினால், மூன்றாம் பகுதியில் பழுது இருக்கலாம். சேருமிடமாக லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது பயனரின் கணினியைக் குறிக்காது. எஸ்எஸ்எச் வழங்கியையே குறிக்கும். அஞ்சல் வழங்கி வேறு கணினியில் இருந்தால் அதன் பெயரை எழுத வேண்டும். முன்னனுப்பல் நிர்வாகியால் தடைசெய்யப்பட்டுள்ளதாகச் செய்தி வந்தால், பயனரால் அதைச் சரிசெய்ய இயலாது.

அஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால், ஐமேப் போர்ட் மட்டுமே முன்னனுப்பப்பட்டிருக்கலாம். அனுப்புவதற்கான எஸ்எம்டிபி, 587 அல்லது 465 என்ற தனிப் போர்ட்டைப் பயன்படுத்துகிறது. அதற்கு இன்னொரு முன்னனுப்பல் தேவை.

சிறிது நேரம் பயன்படுத்தாதபோது இணைப்பு அறுந்தால், இடையிலுள்ள ரவுட்டர் அல்லது தீச்சுவர் அதை மூடியிருக்கலாம். நிமிடத்திற்கு ஒருமுறை சிறு செய்தி அனுப்புமாறு எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றினால் இது பெரும்பாலும் சரியாகும்.

சான்றிதழ் எச்சரிக்கை

செயலி லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருடன் இணைகிறது. சான்றிதழில் இருப்பதோ அஞ்சல் வழங்கியின் பெயர். பெயர்கள் பொருந்தாததால் எச்சரிக்கை தோன்றும். இதைத் தவிர்க்கப் பலர் செயலியில் டிஎல்எஸ் மறையாக்கத்தையே நிறுத்திவிடுகின்றனர். அஞ்சல் வழங்கி தனிக் கணினியாக இருந்தால், மூன்றாம் பகுதியில் கடவுச்சொல் மறைவின்றிச் செல்லக்கூடும். எஸ்எஸ்எச் எந்த ஆபத்தைத் தடுக்க உருவானதோ, அதே ஆபத்து அங்கே திரும்ப வருகிறது.

டிஎல்எஸ்ஸை நிறுத்தாமல், செயலியில் வழங்கியின் உண்மைப் பெயரையே இட்டு, கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அப்பெயரை 127.0.0.1 என்ற முகவரியுடன் இணைப்பது நல்லது. எஸ்எஸ்எச் வழங்கிக்கும் அதே பெயர் இருந்தால், எஸ்எஸ்எச் இணைப்புக்கு அதன் ஐபி முகவரியைப் பயன்படுத்த வேண்டும். சுரங்கவழி தேவைப்படாதபோது கோப்பில் சேர்த்த வரியை நீக்கிவிட வேண்டும்.

எஸ்எஸ்எச் வழங்கியின் அடையாளச் சாவி மாறியுள்ளதாக எச்சரிக்கை வந்தால், பழைய சாவியை உடனே அழிக்கக் கூடாது. வழங்கி புதிதாக நிறுவப்பட்டிருக்கலாம். இடையில் எவரேனும் புகுந்தும் இருக்கலாம். நிர்வாகியிடம் உறுதிசெய்த பின்னரே கடவுச்சொல்லை இட வேண்டும்.