"கல்யாணம் ஆயிடுச்சா?": கேட்டிலேயே முடிஞ்சுபோன ஒரு இன்டர்வியூ

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஊர் வாட்ஸ்அப் குரூப்ல இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி விளம்பரம் புதுசு இல்ல: செல்போன் கம்பெனிக்குப் பெண்கள் தேவை, தங்க இடம், சாப்பாடு, வேன் வசதி. சிலதுல கூடவே ஒரு வார்த்தை இருக்கும், 'திருமணமாகாதவர்கள்'. இன்னைக்கு அந்த வார்த்தையைப் பத்திதான் பேசப்போறோம்.

2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர்ல ஐபோன் அசெம்பிள் பண்ற ஃபாக்ஸ்கான் ஆலையில, கல்யாணமான பெண்களை அந்த வேலைக்கு எடுக்காம ஒதுக்குறாங்க என்பதுதான் செய்தி. வாட்ஸ்அப் விளம்பரத்தை நம்பிப் போன அக்கா தங்கச்சி ரெண்டு பேர்கிட்ட, கேட்டிலேயே செக்யூரிட்டி கேட்டது ஒரே கேள்வி: "கல்யாணம் ஆயிடுச்சா?" ஆமான்னதும் திருப்பி அனுப்பிட்டாங்க. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக லீவு, அப்புறம் மெட்டி, தாலின்னு காரணம் சொல்லியிருக்காங்க. (மெட்டியைக் கழட்டலாம். கேள்வியைக் கழட்ட முடியாதா?) ஃபாக்ஸ்கான் இதை மறுத்தது, உலோக நகை கூடாதுங்கிறது எல்லாருக்கும் பொதுவான பாதுகாப்பு விதின்னு சொன்னது.

உடனே பலர் "போஷ் கமிட்டி என்ன பண்ணுது?"ன்னு கேப்பாங்க. 2013-ல வந்த அந்தச் சட்டம் பாலியல் தொல்லைக்கானது. வேலைக்கு எடுக்கும்போது நடக்குற பாகுபாட்டுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் எடுத்துக்காட்டினது 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்தை. அதுலயும் ஒரு சந்து இருந்துச்சு. ஆண், பெண் பேதம் கூடாதுன்னு சொன்ன அந்தச் சட்டம், 'கல்யாணமானவர்'ங்கிற வார்த்தையைத் தொடவே இல்ல.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. ஆலைக்குப் போன அதிகாரிகள், உள்ளே வேலை பார்க்கிற மணமான பெண்கள்கிட்ட விசாரிச்சாங்க. யாரும் புகார் சொல்லல. எப்படிச் சொல்லுவாங்க? அவங்க உள்ளே போனவங்க! கேட்டோட திரும்பினவங்க பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் இருக்காதே. ஆள்சேர்ப்பு ஆவணங்களைச் சரியா பார்க்கலன்னு தேசிய மனித உரிமை ஆணையமே பிறகு குறை சொன்னது.

சரி, சோஷியல் மீடியாவுல போட்டுக் கிழிச்சா? 2021 டிசம்பர்ல அதே ஆலைப் பெண்கள் ஹாஸ்டல் சாப்பாட்டால பாதிக்கப்பட்டப்போ, வாட்ஸ்அப்ல சேதி பரவி, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையே மறிபட்டது. ஆப்பிளும் அந்த ஆலையைக் கண்காணிப்புல வெச்சது. ஆனா ஆள் செத்துட்டாங்கன்னு ஒரு பொய்யும் கூடவே ஓடுச்சு. அதை வெச்சு மொத்தத்தையும் வதந்தின்னு தள்ளிடுறது ரொம்ப ஈஸி.

அதனால ஏஜென்ட் அண்ணனோட நம்பரைப் போட்டு ஊரே திட்டுறதுல எனக்கு உடன்பாடில்ல. பெரும்பாலும் அவர் நம்ம பக்கத்துத் தெருக்காரர். விதியைப் போட்டது அவர் இல்ல. விளம்பரம்தான் முக்கியம். கேட்டுல வாயால கேட்டதுக்கு ரசீது கிடையாது, விளம்பரத்துக்கு ஸ்கிரீன்ஷாட் உண்டு. ராய்ட்டர்ஸ் கையில இருந்த ஆதாரங்கள்ல இந்த மாதிரி விளம்பரங்களும் இருந்துச்சு. 2024 நவம்பர்ல, விளம்பரத்துல திருமண நிலையைக் குறிப்பிடக் கூடாதுன்னு ஃபாக்ஸ்கான் தன் ஏஜென்சிகளுக்குச் சொன்னதாவும் செய்தி வந்தது.

விளம்பரத்துலேர்ந்து வார்த்தை போயிடுச்சு. கேட்டுல இன்னும் அந்தக் கேள்வியைக் கேக்குறாங்களா? சமீபத்துல போயிட்டு வந்தவங்க இருந்தா எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேரு வேண்டாம், தேதியும், கேட்ட கேள்வியும் போதும்.