வாராவாரம் இலவச கேம்: யார் காசு, யாருக்கு லாபம்?

வியாழக்கிழமை இரவு. இந்திய நேரப்படி 8.30 மணி, அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் 9.30. எபிக் கேம்ஸ் ஸ்டோரில் ஏதோ ஒரு கேமின் விலை பூஜ்யம் ஆகிவிடும். சில வாரங்களில் இரண்டு, மூன்று கேம்கள்கூட வரும். ஒரு வாரத்துக்குள் பட்டனைத் தட்டினால் போதும், அந்த கேம் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். ஆஃபர் முடிந்த பிறகும் அங்கேயே இருக்கும்.

2018 டிசம்பரில் தொடங்கிய வழக்கம் இது. எபிக் வெளியிட்ட கணக்கின்படி, 2024-ல் மட்டும் 89 கேம்களை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அவற்றை உலகம் முழுவதும் 59.5 கோடி முறை எடுத்திருக்கிறார்கள்.

"சும்மா கிடைக்குது, எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே? இதுல என்ன ஆராய்ச்சி?" என்று கேட்கலாம். எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் காசை யாரோ ஒருவர் கட்டுகிறார். ஏன் கட்டுகிறார், அதனால் பிசி கேமிங்கில் எது மாறியது, எது மாறவில்லை? பார்ப்போம்.

சண்டையின் ஆரம்பம்: 30 சதவீதம்

பிசி கேம் என்றாலே பலருக்கு ஸ்டீம்தான் ஞாபகம் வரும். வால்வ் நிறுவனம் 2003-ல் தொடங்கிய கடை இது. 2004-ல் வந்த 'ஹாஃப் லைஃப் 2' கேமை சிடியில் வாங்கினாலும் ஸ்டீமை இன்ஸ்டால் செய்தே ஆக வேண்டும் என்று வால்வ் வைத்தது. அப்போது திட்டியவர்கள் ஏராளம். ஆனால் அடுத்த சில வருடங்களில் மற்ற நிறுவனங்களின் கேம்களும் அங்கேயே விற்கத் தொடங்கின. சிடிக் கடைகள் மெல்ல மறைந்தன.

விற்கும் ஒவ்வொரு கேமிலும் ஸ்டீம் எடுத்துக்கொள்ளும் பங்கு 30 சதவீதம். அதாவது, 1,000 ரூபாய் கேம் ஒன்றை நீங்கள் வாங்கினால், வரி போன்றவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், கடைக்கு 300, கேமை உருவாக்கியவர் தரப்புக்கு 700.

2018 நவம்பர் கடைசியில் வால்வ் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. ஒரு கேமின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால், அதற்கு மேல் வரும் பணத்தில் 25 சதவீதம். 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 சதவீதம். பெரிய நிறுவனங்களுக்குச் சலுகை. இரண்டு, மூன்று பேர் சேர்ந்து கேம் செய்யும் சின்ன ஸ்டூடியோக்களுக்கு அதே 30.

அடுத்த சில நாட்களில் எபிக் தன் கடையைத் திறந்தது. அது கேட்ட பங்கு 12 சதவீதம் மட்டுமே. அதே 1,000 ரூபாய் கேமில் உருவாக்கியவருக்கு 880 ரூபாய் போகும். ஸ்டீமில் கிடைப்பதைவிட கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். எபிக்கின் அன்ரியல் இன்ஜினில் செய்த கேம் என்றால், அதற்கான 5 சதவீத ராயல்டியும் இந்தக் கடை விற்பனைக்குக் கிடையாது.

தயாரிப்பாளர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் வாங்குபவருக்கு? அவருடைய நண்பர்கள், பழைய கேம்கள், சேர்த்துவைத்த அச்சீவ்மெண்ட்கள் எல்லாம் ஸ்டீமில் இருக்கின்றன. கடை எடுக்கும் பங்கு குறைவு என்பதற்காக அவர் ஏன் இடம் மாற வேண்டும்? இந்தக் கேள்விக்கு எபிக் கண்டுபிடித்த பதில்கள் இரண்டு. ஒன்று இலவசம், இன்னொன்று எக்ஸ்க்ளூசிவ்.

ஒரு வாடிக்கையாளரின் விலை

இலவச கேமுக்கு எபிக் எவ்வளவு கொடுக்கிறது என்பது ரொம்ப நாள் ரகசியமாக இருந்தது. 2021-ல் ஆப்பிள் மீது எபிக் தொடுத்த வழக்கு கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, எபிக்கின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன.

முதல் ஒன்பது மாதங்களில் 38 கேம்களுக்காக எபிக் கொடுத்தது சுமார் 1.16 கோடி டாலர். முதல் இலவச கேமான 'சப்நாட்டிகா'வுக்கு 14 லட்சம் டாலர். பெரும்பாலும் எத்தனை பேர் எடுத்தாலும் ஒரே மொத்தத் தொகைதான். பதிலுக்கு எபிக்குக்குக் கிடைத்தது சுமார் 50 லட்சம் புதிய கணக்குகள். கணக்குப் போட்டால் ஒரு புது ஆளுக்கு இரண்டரை டாலருக்கும் குறைவு. ஒரு ஆளைக் கடைக்குள் கூட்டிவர விளம்பரத்துக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் இது மலிவு.

2020 மே மாதம் 'ஜிடிஏ 5' இலவசமாக வந்த நாள் பலருக்கு நினைவிருக்கும். ஊரடங்கு நேரம், எல்லோரும் வீட்டில். கூட்டம் தாங்காமல் எபிக் கடையே பல மணி நேரம் முடங்கியது.

எக்ஸ்க்ளூசிவ்: நம்மூர் 'எம்.ஜி.' கணக்குதான்

எக்ஸ்க்ளூசிவ் என்பது ஓடிடி பார்ப்பவர்களுக்குப் புதிதல்ல. படம் ஒரு தளத்தில் மட்டும் வரும். மற்ற தளத்துக்குச் சந்தா கட்டியவர் காத்திருக்க வேண்டும். கேமிலும் அதேதான். பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் எபிக்கில் மட்டும், பிறகு ஸ்டீமில்.

இதில் பண ஏற்பாடு சினிமா வியாபாரத்தில் சொல்லும் மினிமம் கியாரண்டி, அதாவது 'எம்.ஜி.' முறையைப் போன்றது. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்குப் பேசிய தொகை வந்துவிடும். நஷ்டம் வந்தால் அது வாங்கியவர் தலையில். எபிக்கும் கேம் கம்பெனிகளுக்கு இப்படித்தான் உத்தரவாதம் கொடுத்தது. 2020-ம் ஆண்டுக்கு மட்டும் 44.4 கோடி டாலர் உத்தரவாதம் கொடுத்திருந்ததாக ஆப்பிள் வழக்கில் தெரியவந்தது. 2019-ல் வந்த 'கண்ட்ரோல்' கேமுக்குக் கிடைத்த தொகை சுமார் 95 லட்சம் யூரோ.

ஆட்டக்காரர்கள் இதை ரசிக்கவில்லை. 'மெட்ரோ எக்ஸோடஸ்' கேமை ஸ்டீமில் முன்பதிவு செய்துகொண்டிருந்தார்கள். 2019 பிப்ரவரி 15 வெளியீடு. அதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு, இனிமேல் எபிக்கில் மட்டும்தான் விற்பனை என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்களுக்கு ஸ்டீமிலேயே கேம் கிடைத்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. அதே வரிசையின் பழைய கேம்களுக்குப் போய் மோசமான ரிவ்யூ போட்டுத் தள்ளினார்கள்.

'ஃபீனிக்ஸ் பாயிண்ட்', 'ஷென்மூ 3' இரண்டும் ரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டி உருவான கேம்கள். ஸ்டீமில் தருகிறோம் என்று சொல்லிவிட்டு எபிக் பக்கம் போனதால், பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 'ஊப்லெட்ஸ்' என்ற சின்ன கேமைச் செய்த இரண்டு பேர் கொண்ட குழுவுக்கு, எபிக் ஒப்பந்தத்தை அறிவித்ததும் ஆயிரக்கணக்கில் வசவும் மிரட்டலும் வந்தன. விலைப் போட்டியில் தொடங்கிய விஷயம், சாதாரண மனிதர்கள் மீதான தாக்குதலில் போய் நின்றது.

கடை பங்கு குறைந்தது. விலை?

அது பெரிதாகக் குறையவில்லை. 'மெட்ரோ எக்ஸோடஸ்' அமெரிக்காவில் 60 டாலருக்குப் பதில் 50 டாலருக்கு வந்தது. ஆனால் 'பார்டர்லேண்ட்ஸ் 3', 'கண்ட்ரோல்' போன்றவை எபிக்கிலும் வழக்கமான 60 டாலர்தான். மிச்சமான பங்கு கம்பெனிகளின் கைக்குப் போனது.

ஏன் குறையவில்லை? ஒரு காரணத்தைப் பற்றி வழக்கே நடக்கிறது. மற்ற கடைகளில் கேமைக் குறைந்த விலைக்கு விற்க வால்வ் விடுவதில்லை என்று சொல்லி, வுல்ஃபயர் கேம்ஸ் என்ற சிறு ஸ்டூடியோ 2021-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. வால்வ் இதை மறுக்கிறது. 2024 நவம்பரில் நீதிமன்றம் இதை, பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் எல்லோருக்குமான குழு வழக்காக ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு காசு எங்கிருந்து?

ஒரே வார்த்தையில் சொன்னால், ஃபோர்ட்நைட். விளையாட இலவசம். ஆனால் உள்ளே உடை, நடனம் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2018-ல் உலகமே அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வருமானத்தில்தான் எபிக் தைரியமாகக் கடை திறந்தது.

அந்த வருமானத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்தது, குழப்பமான பட்டன்கள் மூலம் வேண்டாததை வாங்க வைத்தது ஆகிய புகார்களில், 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் எபிக் சமரசம் செய்துகொண்டது. அபராதம் 27.5 கோடி டாலர், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர், ஆக மொத்தம் 52 கோடி டாலர். நமக்குக் கிடைக்கும் இலவச கேமின் பில்லை, எங்கோ ஒரு பையன் அப்பாவின் கார்டில் வாங்கிய ஃபோர்ட்நைட் உடையும் சேர்ந்தே கட்டியிருக்கிறது.

கூட்டம் வந்தது, கல்லா நிரம்பவில்லை

2019-ல் எபிக் கடைக்கு 18.1 கோடி டாலர் நஷ்டம். 2020-ல் 27.3 கோடி டாலர் நஷ்டம் வரும் என்று அவர்களே கணித்திருந்தார்கள். 2023 நவம்பரில் கூகுள் வழக்கில் சாட்சி சொன்ன கடையின் பொறுப்பாளர், இன்னும் லாபம் வரவில்லை என்றார்.

2024 கணக்கைப் பாருங்கள். பிசியில் பதிவு செய்தவர்கள் 29.5 கோடி. அந்த வருடம் அவர்கள் கடையில் செலவழித்தது சுமார் 109 கோடி டாலர். அதில் மற்ற கம்பெனிகளின் கேம்களுக்குப் போனது 25.5 கோடி டாலர்தான். முந்தைய ஆண்டைவிட 18 சதவீதம் குறைவு. அந்த 29.5 கோடிப் பேரையும் வைத்து வகுத்தால், தலைக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. இலவசத்தை வாங்கிக்கொண்டு, காசு கொடுத்து வாங்க வேண்டியதைப் பலர் பழைய கடையிலேயே வாங்குகிறார்கள்.

ஸ்டீமில் 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். காரணம் கேம்கள் மட்டுமல்ல. ரிவ்யூ, மோட்கள், நண்பர்கள் பட்டியல், ஃபோரம் எல்லாம் ஒரே இடத்தில். எபிக் கடையில் பல கேம்களைச் சேர்த்து வாங்க 'கார்ட்' வசதியே 2021 டிசம்பரில்தான் வந்தது. ஸ்டீமை விட்டுப் போன பெரிய கம்பெனிகளும் திரும்பி வந்தன: இஏ 2019-ல், யுபிசாஃப்ட் 2022-ல்.

அப்போ லாபம் யாருக்கு?

கேம் உருவாக்குபவர்களில் ஒரு பகுதியினருக்கு. 'ஹேடிஸ்', 'சாட்டிஸ்ஃபாக்டரி' இரண்டும் முதலில் எபிக்கில் வந்து, பிறகு ஸ்டீமுக்குப் போய் பெரிய வெற்றி பெற்றவை. முடிக்காத கேமைக் கையில் வைத்திருக்கும் ஸ்டூடியோவுக்கு, அடுத்த ஒரு வருடச் சம்பளத்துக்கு உத்தரவாதம் என்பது சின்ன விஷயமல்ல. 2024-ல் ஸ்டீமில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன. அந்தக் கூட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் போவதுதான் சின்ன ஸ்டூடியோக்களின் பெரிய பயம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 'ஆலன் வேக் 2' எபிக் பணம் போட்டு வெளியிட்ட கேம். பிசியில் எபிக் கடையில் மட்டும். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் 2023 அக்டோபரில் வந்த அந்த கேம், செலவை மீட்டு ராயல்டி தரத் தொடங்கியது என்று ரெமடி ஸ்டூடியோ சொன்னது 2025 பிப்ரவரியில்தான். ஸ்டீமில் இல்லாததற்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இலவசத்துக்கும் அப்படி ஒரு பக்கவிளைவு இருக்கிறது. "எப்படியும் ஒருநாள் ஃப்ரீயா வரும், வெயிட் பண்ணுவோம்" என்ற மனநிலை பழகிவிட்டால், அடிபடப்போவது இலவசப் பட்டியலில் இடம் கிடைக்காத சின்ன கேம்தான்.

எபிக் இப்போது நேரடியாகத் தயாரிப்பாளர்களுக்கு அதிகம் விட்டுக்கொடுக்கிறது. 2025 ஜூன் முதல், ஒரு கேமின் வருடாந்திர விற்பனையில் முதல் 10 லட்சம் டாலர் வரை பங்கே எடுப்பதில்லை. சின்ன ஸ்டூடியோவுக்கு இது முழு 1,000 ரூபாய். போட்டி என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் இந்த எண் பூஜ்யம் வரை இறங்கியிருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

* இலவச கேமைத் தயங்காமல் எடுங்கள். கார்டு விவரம் தேவையில்லை. கேட்டால் அது எபிக்தானா என்று பாருங்கள். கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு கட்டாயம்.
* வீட்டில் சின்னப் பிள்ளைகள் அதே கணக்கில் ஆடினால், கார்டைச் சேமித்து வைக்காதீர்கள்.
* எக்ஸ்க்ளூசிவ் கேமுக்கு அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள். ஸ்டீமுக்கு வரும்போது பெரும்பாலும் பிழைகள் சரிசெய்யப்பட்டிருக்கும்.
* ஸ்டீம் டெக், லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு எபிக்கின் அதிகாரப்பூர்வ ஆப் கிடையாது. வாங்கும் முன் யோசியுங்கள்.
* எந்தக் கடையாக இருந்தாலும் நீங்கள் வாங்குவது கேமை அல்ல, ஆடுவதற்கான உரிமத்தைத்தான். கலிஃபோர்னியாவின் புதிய சட்டத்தை ஒட்டி, 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமே இதைப் பணம் கட்டும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.
* இலவசமாக வந்த சின்ன கேம் ஒன்று மனசுக்குப் பிடித்துவிட்டதா? அதே ஸ்டூடியோவின் அடுத்த கேமைக் காசு கொடுத்து வாங்குங்கள். எந்தக் கடையில் என்பது உங்கள் விருப்பம்.