மூடியைத் திறப்பதா, விடுவதா?
வீட்டு மின்சாரமும் பரிசோதகர் கடமையும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை நோக்கிச் செல்லும் பாதையோரம் பழைய ஓட்டு வீடொன்றை விலைக்கு வாங்க எண்ணினார் என் நண்பர் ஒருவர். முப்பது ஆண்டுக்குமேல் ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவர். எதையும் இருமுறை சரிபார்த்தபின்னரே கையெழுத்திடும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆகவே வீட்டின் மின்னிணைப்பைப் பரிசோதிப்பதற்கு இளைஞர் ஒருவரைக் கூலி பேசி அமர்த்தி, துணைக்கு என்னையும் அழைத்துச் சென்றார்.

வந்தவர் சுறுசுறுப்பானவர். சுவரிலிருந்த குதைகளில் மூன்று விளக்குடைய சிறு கருவியொன்றைச் செருகிப் பார்த்தார். ஆளிகளைப் போட்டும் அணைத்தும் பார்த்தார். ‘ட்ரிப் சுவிச்சு’ என்று நாம் அழைக்கும் மீதி ஓட்டச் சுற்றுடைப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். ‘டக்’ என்ற ஓசையோடு வீடு இருண்டது. “நல்லாயிருக்கு, சேர்” என்றார்.

“தம்பி, அந்த போர்டின் மூடியைக் கழற்றி உள்ளேயும் ஒருதரம் பாருங்களேன்” என்றார் நண்பர்.

“அது பேச்சிலே இல்லை, சேர். பழைய வயர். கழற்றும்போது ஏதும் நடந்தால் யார் பொறுப்பு? வீடு இன்னும் உங்களுடையதுமில்லையே.”

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம், “நாடி பார்க்க வந்த வைத்தியன் போர்வையை விலக்கமாட்டேன் என்றால் அவன் என்ன வைத்தியன்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அன்று அவர் பக்கமே நியாயம் என்று நானும் எண்ணினேன். பின்னர் இவ்விடயத்தைச் சற்றுத் துருவிப் பார்த்தபோதுதான், கேள்வி நாங்கள் எண்ணியதுபோல் அத்துணை எளிதன்று என்பது புலனாயிற்று.

வீடு வாங்குவோருக்காக வீட்டைப் பரிசோதிப்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே 1976ஆம் ஆண்டிலேயே இத்தொழிலாளருக்கென ஒரு சங்கம் தோன்றியது. பின்னர் எழுந்த ‘இன்டர்நாச்சி’ என்னும் மற்றொரு சங்கத்தின் ஒழுங்குவிதிகள் நம் இளைஞரின் பக்கமே பேசுகின்றன. போர்டின் முன்தகட்டைக் கழற்றவேண்டிய கடமை பரிசோதகருக்கில்லை. அதனுள்ளே எந்தக் கருவியையும் நுழைக்கவேண்டிய கடமையுமில்லை. சுற்றுடைப்பான்களை இயக்கிப் பார்க்கவேண்டியதுமில்லை. ஆயின், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் குதைகளை மட்டும் இயன்றவிடத்துக் கருவிகொண்டு சோதித்தே ஆகவேண்டும். ‘கடமையில்லை’ என்பதும் ‘கூடாது’ என்பதும் ஒன்றல்ல என்பதை வாசகர் கவனிக்க. கழற்றுவதற்குத் தடையில்லை, கழற்றாமைக்குத் தண்டனையில்லை. மொத்தத்தில், கண்ணால் காண்பதே அங்கு பரிசோதனை. அளப்பது பிறிதொருவர் வேலை.

இங்கிலாந்தின் மரபு இதற்கு மாறானது. மின்விளக்கினால் தீப்பற்றும் அபாயத்தைத் தடுப்பதற்கென அந்நாட்டு மின்பொறியியலாளர் 1882ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுத்தனர். அம்மரபின் வழிவந்த வயரிங் விதிகளே நம் நாட்டிலும் நெடுங்காலமாக வழிகாட்டி வருகின்றன. 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கென இயற்றப்பட்ட ஒழுங்குவிதி, ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தகுதியுடையவரைக்கொண்டு மின்னமைப்பைப் பரிசோதித்துச் சோதனை செய்யவேண்டும் என்று வீட்டுரிமையாளரைக் கட்டாயப்படுத்துகிறது. அங்கே மூடி திறக்கப்படும், அளவைகள் எடுக்கப்படும், கண்ட குறைகள் தரம் பிரித்து எழுதப்படும். இப்போதே ஆபத்து என்பது ஒன்று. ஆபத்து நேரக்கூடும் என்பது ஒன்று. திருத்தினால் நன்று என்பது ஒன்று. இவற்றோடு நான்காவதாக ஒரு குறியீடும் உண்டு: ‘மேலும் ஆராயவேண்டும்.’ எனக்கு அந்த நான்காவதன்மீதே மதிப்பு அதிகம். தெரியாததைத் தெரியாது என்று கையெழுத்திட்டுக் கூறுவதற்கு அது இடந்தருகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சோதனைப் பொத்தானை அழுத்தியவுடன் சுவிச்சு விழுந்தது; ஆதலால் வீடு பாதுகாப்பானது என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். அந்தப் பொத்தான் உண்மையில் செய்வது என்ன? சுவிச்சினுள்ளேயே இருக்கும் ஒரு சிறு தடை வழியாகச் சிறிது மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு, உட்பொறி அசைகிறதா என்று பார்க்கிறது. வீட்டின் வயர்களைப் பற்றியோ, மண்ணில் புதைந்திருக்கும் புவிக்கம்பியைப் பற்றியோ அது ஒன்றும் அறியாது. புவித்தொடுப்பே இல்லாத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்றுதான் விழும். பொறி இறுகிப்போகாதிருக்க அதனை மாதமொருமுறையேனும் அழுத்துவது நல்ல பழக்கமே. ஆனால் அது முழு நற்சான்றாகாது. முப்பது மில்லி அம்பியர் கசிந்தால் 300 மில்லி செக்கனுக்குள்ளும், அதன் ஐந்து மடங்கு கசிந்தால் 40 மில்லி செக்கனுக்குள்ளும் சுவிச்சு விழவேண்டும். அந்த வேகத்தைக் காது அறியாது, கருவியே அறியும்.

நம் நாட்டு வீடுகளில் புவித்தொடுப்பு பெரும்பாலும் அந்தந்த வீட்டாரின் பொறுப்பு. முற்றத்தோரத்தில் அடிக்கப்பட்ட செம்புக்கோலோ குழாயோதான் அது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்கோலுக்கும் மண்ணுக்கும் இடையே 50 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். குளிர்ப்பெட்டியின் உலோக உடலில் 230 வோல்ட் கசிந்தால், மண்ணுக்குள் ஓடக்கூடிய மின்னோட்டம் 4.6 அம்பியரே. பதினைந்து அம்பியர் உருகி அதற்கு அசையாது. உருகியும் உருகாது, விளக்கும் அணையாது. குளிர்ப்பெட்டி மட்டும் தொடுபவரை எதிர்பார்த்து நிற்கும். ட்ரிப் சுவிச்சு இருப்பின், தடை 500 ஓமாக இருந்தாலுங்கூட 460 மில்லி அம்பியர் கசியும். அதற்கு முன்னரே அது விழுந்துவிடும். புவிக்கம்பியே அறுந்திருந்தாலோ, கசிவு போக வழியின்றிக் காத்திருக்கும். ஒருவர் தொட்ட பின்னரே சுவிச்சு விழும். அந்தக் கணத்துக்கு மனிதனே புவிக்கம்பியாகிறான்.

மண்ணும் எங்கும் ஒரேவகையாக இல்லை. நக்கிள்ஸ் மலைச்சாரலின் ஈரமண்ணுக்கும் தம்புள்ளைப் பக்கத்துக் காய்ந்த நிலத்துக்கும் இம்மாவட்டத்துக்குள்ளேயே எத்துணை வேற்றுமை! டிசம்பர் மழையில் எடுத்த அளவை ஆகஸ்ட் வெயிலுக்குச் சாட்சியாகாது. ஆகவே அளந்த மாதத்தையும் அறிக்கையில் எழுதவேண்டும் என்று நான் சொல்வேன். எண்ணை மட்டும் எழுதிச் செல்பவர்களே மிகுதி.

அவ்வாறாயின் பரிசோதகர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். இங்குதான் அந்த இளைஞரின் அச்சத்துக்கு நியாயம் பிறக்கிறது. பழைய வீடுகளில் மரப்பட்டிக்குள் ஓடும் வயர்களின் மேலுறை இறப்பரால் ஆனது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது காய்ந்து, பழைய ஏட்டின் விளிம்புபோல் நொறுங்கும் நிலையை அடைகிறது. அசையாதவரை அது தன் பணியைச் செய்துகொண்டிருக்கும். போர்டை இழுத்து வயரை வளைத்த மாத்திரத்தில் உறை உதிர்ந்து செம்பு வெளிப்படும். பார்ப்பதற்கு முன் ஒருவாறு பாதுகாப்பாக இருந்த வீடு, பார்த்ததனாலேயே ஆபத்தான வீடாகிவிடும். 500 வோல்ட் நேரோட்டம் செலுத்திக் காவலிடலை அளக்கும் சோதனையும் அத்தகையதே. அளவு ஒரு மெகா ஓமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. மிக நல்ல சோதனை. ஆனால் தொலைக்காட்சி, கணினி, இக்காலத்து எல்.ஈ.டி. விளக்குகள் ஆகியவற்றைக் கழற்றி வைக்காமல் செய்தால், வயரைச் சோதிக்கப்போய் பொருளை எரித்துவிட்டு வரவேண்டியிருக்கும். பழைய மெயின் சுவிச்சை அணைத்தபின் அது திரும்ப ஏற மறுப்பதுமுண்டு. வெள்ளி மாலையில் இது நேர்ந்தால் திங்கள்வரை அக்குடும்பத்துக்குக் குப்பிவிளக்கே கதி.

என் கருத்து இதுதான். மெயினை அணைத்து, அணைந்ததை உறுதிசெய்துகொண்டு, வீட்டுக்காரரின் சம்மதத்தோடு போர்டின் மூடியைத் திறப்பது பரிசோதகர் கடமை. கண்ணால் காணலாம், வயரை இழுக்கலாகாது. எட்டக்கூடிய ஒவ்வொரு குதையையும் சோதிக்கவேண்டும். நான்கில் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றவையும் அவ்வாறே என்று ஊகிக்கலாகாது. நம் பழைய வீடுகளில் உருண்டை முனைக் குதையும் சதுர முனைக் குதையும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் கைபட்டது. அன்றியும், பார்க்காமல் விட்டது எது, விட்டது ஏன் என்பதை முதற்பக்கத்திலேயே எழுதவேண்டும். ‘நல்லாயிருக்கு, சேர்’ என்பது அறிக்கையன்று.

ஆயினும், ‘எவ்வளவு தூரம்’ என்னும் இக்கேள்வி வீடு வாங்கும் ஆசிரியருக்கு ஒருவிதம், லயத்தில் வாழ்பவருக்கு வேறுவிதம். மன்னார்க் கரையிலிருந்து காடு கடந்து கால்நடையாக மாத்தளையை வந்தடைந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்னும் லயக் காம்பராக்களில்தான் வாழ்கின்றனர். பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் மலையைக் குடைந்து வந்து உக்குவளையில் மின்சாரமாகத் தொடங்கியது 1976ல், போவதென்னையில் 1981ல். அம்மலைகளைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களுக்கு வெளிச்சம் மெல்லமெல்லவே வந்தது. வந்தபோதும், மின்சாரத்தை எண்ணாது கட்டிய சுவர்களிலும் தகரக் கூரைக்கடியிலும் வயர் ஓடிற்று. பின்னர் பிள்ளை படிக்க ஒரு குமிழ், சமையற்கட்டுக்கு ஒரு குமிழ் என்று அவரவரே நீட்டிக்கொண்டனர்.

ஒரு தகரக்கூரையில் எத்தனையோ காம்பராக்கள். எங்கோ ஓர் அந்தத்தில் தேய்ந்த வயர் தகரத்தைத் தொட்டால் கூரை முழுவதும் உயிர்பெறும். மறு அந்தத்துக் காம்பராவில் நிற்கும் பரிசோதகர் அவ்வீட்டுப் போர்டைத் திருகாணி திருகாணியாகப் பிரித்துப் பார்த்தாலும் இந்த ஆபத்து அவர் கண்ணில் படாது. இங்கே ஆழத்தைவிட அகலமே வேண்டப்படுகிறது. லயம் முழுவதையும் ஒரே வீடாகக் கருதிப் பரிசோதித்தாலன்றிப் பயனில்லை.

மற்றொரு சங்கடமும் உண்டு. ஆபத்து என்று எழுதினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்னும் அச்சத்தில், பரிசோதகர் வரும் நாளில் நீட்டிய வயர்களைச் சுருட்டி ஒளித்துவிட்டு, அவர் போனபின் மீண்டும் மாட்டிக்கொள்பவர் உண்டு. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சுவரும் கூரையும் தோட்டத்துக்குச் சொந்தம். திருத்தும் செலவு யாருடையது என்று எவரும் சொல்வதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ அந்தக் குமிழின் கீழ் அமர்ந்திருக்கிறது. குறையைக் கண்டுபிடிப்பவர் அதைத் திருத்தும் வழியையும் தவணையையும் உடன்கொண்டு வராவிடில், அவருக்குக் கதவு திறக்கும், வீடு திறக்காது.

நண்பரின் வீட்டுக் கதையின் எஞ்சிய பகுதியையும் சொல்லிவிடுகிறேன். அவர் சும்மாயிருக்கவில்லை. வீட்டுக்காரரின் சம்மதம் பெற்று, அளக்கும் கருவியுடைய வேறொருவரை அழைத்து வந்தார். வயது முதிர்ந்த மனிதர். நண்பர் ஆவலோடு போர்டைச் சுட்டிக்காட்ட, அவர் அதனை நிமிர்ந்தும் பாராமல், “எர்த் எங்கே இறங்குது?” என்று கேட்டார். பச்சை வயரைப் பின்தொடர்ந்து கொல்லைப்புறம் போனோம். துணி துவைக்கும் கல்லருகே, மல்லிகைச் செடியின் அடியில் அது மண்ணுக்குள் இறங்கியது. செடியை ஒதுக்கிவிட்டு வயரை அவர் இரு விரலால் பற்றித் தூக்கினார். துருவேறிய கவ்வியோடு அது கையோடு வந்துவிட்டது. கோல் மண்ணுக்குள்ளே தனியே நின்றது.

அதன் பின்னரே உள்ளே வந்து, மெயினை அணைத்து, மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. வேறு குறையொன்றும் காணவில்லை. விலையிலே சிறிது குறைத்துக்கொண்டு நண்பர் வீட்டை வாங்கினார். புதுக்கோல் அடித்த அன்று அந்த முதல் இளைஞரையும் அழைத்து, கல்லருகே நிறுத்திக் காட்டினார். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் நான் வரவேயில்லை, சேர்” என்றார்.