விளையாட்டு நிதியும் நம் ஊர் ஆட்டங்களும்

மாலையில் தொடக்கப் பள்ளியின் விளையாட்டு மணி அடித்தவுடன் மைதானத்தில் நிகழ்வதை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஒரே பந்து; அதன் பின்னே பத்துப் பதினைந்து சிறுவர்கள். பெண் குழந்தைகளும் மெலிந்த பிள்ளைகளும் வேப்ப மரத்தடியில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பர். விளையாட்டுக்கென ஒதுக்கப்பட்ட பணம் அப்பந்தை வாங்கித் தந்தது மெய்தான். ஆயினும் அதன் பயன் மரத்தடிவரை சென்று சேரவில்லை.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் உடலியக்கம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டின் நெறிமுறைகளில் கூறியுள்ளது. இதற்கு உதவும் செல்வம் நம் கையிலேயே உள்ளது. சங்கரன்கோவில், மேலநீலிதநல்லூர் வட்டாரங்களில் அம்மன் கோவில் கொடையின்போது முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடிப்பதை அறியாதார் யார்? கோலாட்டத்தில் இணையின் கழியைத் தவறாது தட்டவேண்டும். ஆகவே கண்ணும் கையும் ஒருங்கே பழகுகின்றன. ஒயிலாட்டத்தில் வரிசை குலையாமல் அடிவைத்து, வரவர வேகம் கூட்டவேண்டும்; ஆகவே காலும் மூச்சும் வலுப்பெறுகின்றன. இவ்வாட்டங்களில் தோற்று வெளியேறுவோர் எவருமிலர்.

பிற நாட்டு அனுபவம்

இங்கிலாந்து அரசு 2013-ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளிகளுக்கு உடற்கல்விக்கென்றே தனி நிதி வழங்கியது. 2017-இல் அத்தொகை இரட்டிப்பாக்கப்பட்டது. பள்ளிகள் பல அதில் ஒரு பகுதியைக் கொண்டு நடனப் பயிற்சியாளர்களை அழைத்தன. நம் பஞ்சாபின் பாங்கரா ஆட்டமும் அங்குள்ள குழந்தைகளை எட்டியது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. செலவின் பயன் நிலைத்து நிற்கவேண்டும்; எதற்குச் செலவிட்டோம் என்பதைப் பள்ளி ஊரறிய வெளியிடவேண்டும். வந்தவர் ஆடிக் காட்டிவிட்டுப் போனால் போதாது; அவர் சென்ற பின்னும் பள்ளி ஆசிரியர் அதனைத் தொடரும் ஆற்றல் பெறவேண்டும் என்பதே இதன் கருத்து.

நம் நிதியின் எல்லை

நம் நாட்டில் 2018-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரையிலும், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய் வரையிலும் விளையாட்டு மானியம் வகுத்தது. இது உபகரணங்களுக்கென வகுக்கப்பட்டது. எனவே ஆட்டம் கற்பிக்கும் கலைஞரின் சன்மானத்தை இதிலிருந்து கொடுத்துவிட்டுப் பின்னர்த் தணிக்கையின்போது விழிப்பது தகாது. சிலம்பக் கம்பு வாங்குவதற்குத் தடையிருக்க நியாயமில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளிலேயே சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கோலாட்டக் கழி போன்றவற்றுக்கு அவ்வாண்டின் அரசாணையைப் பார்த்து, கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் இசைவு பெற்ற பின்னரே வாங்குதல் நன்று. சன்மானத்திற்கு ஊர்ப் பெருமக்களின் நன்கொடையை நாடலாம். கொடை விழா இல்லாத மாதங்களில் பயிற்சியை வைத்தால் கலைஞருக்கும் அது ஓர் உதவியாகும்.

உறுப்பினர்கள் செய்யவேண்டுவன

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடமுண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவது அக்குழுவின் கடமை. ஆகவே முதலில் குழுவில் பேசித் தீர்மானம் எழுதுங்கள். வாரம் இருமுறை, நாற்பது நிமிடம் வீதம், பத்து வகுப்புகளென அளவாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் ஆசிரியர் குழந்தைகளோடு நின்று தாமும் கற்கட்டும். ரசீதுகளைப் பதிவேட்டில் ஒட்டி, செலவுக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

இரண்டு தவறுகளைத் தவிர்க்கவேண்டும். ஆண்டு விழாவுக்காக நன்றாக ஆடும் எட்டுப் பேரை மட்டும் பொறுக்கியெடுத்தால், எஞ்சிய குழந்தைகள் மீண்டும் மரத்தடிக்கே திரும்புவர். இன்ன ஆட்டம் இன்ன தெருவுக்குரியது என்ற பேச்சைப் பள்ளி வாயிலுக்கு வெளியிலேயே நிறுத்தவேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று, ஒருவர் கழியில் மற்றவர் கழி தட்டி ஆடுவதைக் காட்டிலும் சிறந்த ஒற்றுமைப் பாடம் வேறில்லை.

பந்தும் வேண்டும், கழியும் வேண்டும். அடுத்த முறை விளையாட்டு நேரத்தில் பள்ளிப் பக்கம் சென்று, மரத்தடியில் எத்தனை குழந்தைகள் அமர்ந்திருக்கின்றனர் என எண்ணிப் பாருங்கள். அவ்வெண்ணிக்கை குறைவதே நாம் செலவிட்ட பணத்திற்கு உண்மையான கணக்காகும்.